சிவப்புப் பட்டை

இரவு மணி பதினொன்று. ஈசூனில், அடுக்குமாடி வீடுகளுக்கு இடையே செல்லும் சாலையில், டாக்சியின் முன்பக்கம் எதன்மீதோ மோதியது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார். சாம்பல் நிறப் பூனை ஒன்று முனகியபடி கிடந்தது. கழுத்தில் சிவப்புப் பட்டை.

சுற்றிலும் யாருமில்லை. கிளம்பியிருக்கலாம்.

முன்பு சிங்கப்பூரில், சட்டம் பட்டியலிட்ட விலங்குகளை மோதினால்தான் வண்டியை நிறுத்தவேண்டும். அந்தப் பட்டியலில் குதிரை, மாடு, ஆடு, நாய் ஆகியவை இருந்தன. சாலையில் காணக் கிடைக்காத கழுதைகூட இருந்தது. பூனை மட்டும் இல்லை! 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. எந்த விலங்காயினும், அதற்கு உரிமையாளர் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் ஓட்டுநர் நிற்கவேண்டும். அது சாலையில் கிடப்பது பிறருக்கு ஆபத்தானால், அப்போதும் நிற்கவேண்டும். உரிமையாளரிடம் தம் விவரங்களைத் தரவேண்டும். தர முடியாவிட்டால், 24 மணி நேரத்திற்குள் காவல்துறையிடம் தெரிவிக்கவேண்டும்.

ஓட்டுநர் பூனையைத் துண்டில் சுற்றித் தூக்கினார். பட்டையில் தொலைபேசி எண் இருந்தது. அழைத்தார்.

அவர் பேசத் தொடங்குமுன், “பூனை கிடைச்சிருச்சா?” என்று ஒரு மூதாட்டியின் குரல் ஆவலுடன் கேட்டது.

அவருக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை.