ஒத்திசைவு என்ற பெயரில்

ஐபாட் வரிசையில் எஞ்சியிருந்த கடைசிக் கருவியையும் நிறுத்திக்கொள்வதாக ஆப்பிள் நிறுவனம் 2022ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் அறிவித்தது. அதையொட்டி இலக்கிய நண்பர்கள் சிலர் நினைவஞ்சலி எழுதினார்கள். கல்லூரிக் காலம், பேருந்தின் சன்னலோர இருக்கை, காதில் இளையராஜா என்று அவை நெகிழ்ச்சியாகவே இருந்தன. எங்களால்தான் அந்த அஞ்சலியில் முழுமனத்தோடு கலந்துகொள்ள முடியவில்லை. எங்கள் வீட்டு மரப் பீரோவின் இழுப்பறையில், பூட்டுத் தொலைந்த சாவிகளுக்கும் பழைய ரேஷன் அட்டைக்கும் நடுவே, ஒரு கையடக்கப் பாட்டுக் கருவி கிடக்கிறது. எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதை எழுதப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை யோக்கியமானவை என்று பொருள்பட்டுவிடும்.

நாங்கள் என்பது அக்காவும் தம்பியும். ஆயாவின் பாட்டைப் பற்றி எழுதும்போது ஒருவர் மட்டும் 'நான்' என்று சொல்லிக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

எங்கள் ஊர் பூரணாங்குப்பம். புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் தவளக்குப்பத்தில் இறங்கிக் கிழக்கே திரும்ப வேண்டும். கடல் அருகில் என்பதால் எங்கள் வீட்டில் இரும்பு எதுவும் நெடுநாள் இருப்பதில்லை. ஆயா பாகூரில் பிறந்தவர். ஏரிப் பாசன வயல்களில் நடவுக்குப் போய் வளர்ந்தவர். ஊரில் யார் வீட்டில் சாவு என்றாலும், யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் அவரிடம் ஒரே தொண்டைதான் இருந்தது. எது எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

1994ஆம் ஆண்டு தை மாதத்தில் அவரை உட்காரவைத்துப் பதிவு செய்தோம். புதுக் கேசட் வாங்கக் காசில்லை. பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டின் முதுகில், அழியாமல் இருப்பதற்காக உடைத்துவிட்ட இரண்டு துளைகளையும் காகிதத்தை மடித்து அடைத்து, அதன்மேல் பதிந்தோம். அறுபது நிமிடம், பதினான்கு பாட்டு. இடையிடையே கோழி கத்தும். அம்மா அடுப்படியிலிருந்து ஏதோ கேட்பார். ஆயா பாட்டை நிறுத்தாமலே கையால் சைகை காட்டியிருப்பார் போலும், அந்த இடத்தில் வளையல் சத்தம் கேட்கும். 1999இல் ஆயா இறந்துபோனார்.

பிரெஞ்சு அரசு புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்தது 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே பல உண்டு. அப்படி ஒரு குடும்பத்தில் பெண் எடுத்துப் பாரிஸில் குடியேறிய சித்தப்பா, 2007இல் விடுமுறைக்கு வந்தபோது அந்தக் கருவியை எங்களுக்குக் கொண்டுவந்தார். நான்கு கிகாபைட். ஆயிரம் பாட்டு அடங்கும் என்றார். கேசட்டுக்குப் பன்னிரண்டு பாட்டு என்று எண்ணிப் பழகிய எங்களுக்கு அது கோயில் கலசத்துக்குள் கடலை ஊற்றிக்காட்டியது போல இருந்தது.

முதல் வேலையாக ஆயாவின் கேசட்டைக் கணினியில் ஏற்றினோம். டேப்ரிக்கார்டரின் காதொலித் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி. ஒரு மணி நேரப் பாட்டு ஏற ஒரு மணி நேரம் ஆகும். அதில் குறுக்குவழி கிடையாது. பிறகு பதினான்காக வெட்டிப் பெயரிட்டோம். எங்கள் சலிப்பு அங்கேதான் தொடங்கியது. பெயரைத் தமிழில் எழுதினால் கருவியின் திரையில் வரிசையாகச் சதுரப் பெட்டிகள் வந்தன. சில சமயம் கேள்விக்குறிகள். எம்பி3 கோப்பின் வாலில் பாட்டின் விவரத்தை ஒட்டிவைக்கும் ஐடி3 என்ற முறை 1996இல் வந்தது. முதல் வடிவில் மொத்தம் 128 பைட். பாட்டின் பெயருக்கு 30 பைட். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் வேண்டும். கணக்குப் போட்டால் பத்துக் குறிகள். அதில் கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறிகளாகும். 'நடவுப்பாட்டு' என்று எழுதி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும். பின்னால் வந்த வடிவங்கள் யூனிகோடை ஏற்றன என்றாலும், எங்கள் கருவியிலோ தமிழுக்கு எழுத்துரு இல்லை. பாட்டின் வகையைக் குறிக்க ஒரு பைட் ஒதுக்கி, எண்பது வகைகளைப் பட்டியலிட்டிருந்தார்கள். அதில் போல்கா உண்டு. கர்நாடக இசை கிடையாது. நடவுப்பாட்டை யார் கேட்டார்கள்?

கடைசியில் பாடகர் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் 'ஆயா' என்று கொடுத்தோம். பாட்டின் பெயர்கள் தமிழிலேயே, பெட்டிகளாகவே இருக்கட்டும் என்று வீம்பாக விட்டோம்.

கச்சேரி கேட்பவர்களின் துயரம் வேறு விதம். ராகம் தானம் பல்லவியை மூன்றாக வெட்டி ஏற்றினால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே அரை விநாடி மௌனம் விழும். தம்புராவே மூச்சுத் திணறி நிற்பது போலிருக்கும். கலைத்துப் போடும் வசதியைத் தெரியாமல் அழுத்திவிட்டால் மங்களத்தில் தொடங்கி வர்ணத்தில் முடியும். சோனியின் ஆரம்பகாலக் கருவிகள் சில எம்பி3 கோப்பை நேரடியாக ஏற்கவே மறுத்தன. சோனிக்ஸ்டேஜ் என்ற மென்பொருளைக் கொண்டு ஏட்ராக் என்ற தன் வீட்டு வடிவுக்கு மாற்றித் தர வேண்டியிருந்தது. 1979இல் வாக்மேனைத் தந்து, எந்தக் கேசட்டையும் போட்டுக் கேள் என்று உலகத்துக்குச் சொன்ன அதே நிறுவனம்தான்!

ஆனால் இவையெல்லாம் சிறு தொல்லைகள். பெரிய தொல்லைக்கு 'ஒத்திசைவு' என்று பெயர். கணினித் தமிழில் யாரோ அழகாக ஆக்கிய சொல். நாயனக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் ஒரே சுருதியை ஊதிக்கொண்டிருப்பாரே, அந்த ஒத்து நினைவுக்கு வருகிறது. ஒத்து ஊதுகிறவர் நாயனத்தை அழிப்பதில்லை. மென்பொருளின் ஒத்திசைவு அப்படியல்ல. கணினியில் இருப்பது கருவிக்குப் போகும்; கணினியில் இல்லாதது கருவியிலிருந்தும் நீங்கும். இரண்டும் சமமாக வேண்டும் என்றால், ஒன்று அரசன், மற்றது பிரஜை.

இந்த ஒருவழிப் பாதைக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. 1998இல் டயமண்ட் நிறுவனம் ரியோ பிஎம்பி300 என்ற 32 மெகாபைட் கருவியைக் கொண்டுவந்தபோது அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருவியின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தக் கருவியால் தன்னிடமுள்ள பாட்டைத் திரும்பக் கணினிக்கோ வேறொரு கருவிக்கோ அனுப்ப முடியாது என்பதையும் தீர்ப்பில் குறித்தது. 2001 அக்டோபரில் ஐபாட் வந்தபோது, அதன்மேல் சுற்றிய தாளில் 'இசையைத் திருடாதீர்' என்று நான்கு மொழிகளில் அச்சிட்டிருந்தார்கள். வாங்கியவனைப் பார்த்து முதல் வார்த்தையே அதுதான். ஆயாவின் பாட்டுக்கு எந்த நிறுவனம் உரிமையாளர்? மென்பொருளுக்கு அந்தக் கேள்வி கிடையாது. அதற்கு எல்லாமே கோப்பு, எல்லோருமே சந்தேகத்துக்குரியவர்கள்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. எங்கள் வீட்டுக் கூரை ஓடுகள் பாதி பறந்தன. முந்திரியும் பலாவும் விழுந்து கிடந்த வழியெல்லாம் மின்கம்பங்களும் விழுந்து கிடந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. ஓர் இரவு, பேசவும் ஏதுமில்லாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது அக்காவுக்குக் கருவியின் நினைவு வந்தது. சிறிது மின்னூட்டம் மிச்சமிருந்தது. 'ஆயா' என்ற பெயரைத் தேடி அழுத்தினோம். பெட்டிப் பெட்டியாய் வரிகள் வந்தன. எண்ணினால் ஒன்பதுதான். பதினான்கு எங்கே? "கம்ப்யூட்டர்ல இருக்கும்" என்றான் தம்பி.

கணினிக்கு நேர் மேலேதான் ஓடு பறந்திருந்தது. காய வைத்துப் பார்த்தோம். நகரத்துக் கடையில் கொடுத்துப் பார்த்தோம். உள்ளே இருக்கும் வட்டு சுற்றவே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கேசட் அதற்கும் முன்பே போயிருந்தது. கணினியில் ஏறிவிட்டதே என்ற தைரியத்தில் அதைக் கவனிக்காமல் விட்டோம். உப்புக்காற்றில் பூஞ்சை பிடித்து நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக, ஆயாவின் குரல் உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தச் சிறு பெட்டிதான்.

2012இல் வேறு கணினி வாங்கினோம். கருவியை இணைத்ததும் திரையில் ஒரு கேள்வி வந்தது. சித்தப்பா கொடுத்த குறுந்தட்டிலிருந்து ஏற்றிய மென்பொருள் அது, பேசுவதெல்லாம் பிரெஞ்சில். இரண்டு பொத்தான்கள். வழக்கமாக நாங்கள் வலப்பக்கப் பொத்தானை அழுத்துவோம். அன்று ஏனோ தம்பியின் கை தயங்கியது. நான்கு வீடு தள்ளிப் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் சொல்தா தாத்தா. கூட்டிவந்து காட்டினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதலில் எழுத்துக்கூட்டி, பிறகு சரளமாக வாசித்தார்.

"எஃபாசேன்னு போட்டிருக்கு. அழிச்சிட்டு, அப்புறமா ஒண்ணாக்கட்டுமான்னு கேக்குது. எதைப்பா அழிக்கப் போறீங்க?"

"எதையும் இல்ல தாத்தா."

"அப்ப எதையும் தொடாதீங்க."

கம்பியைப் பிடுங்கினோம். இந்தக் கருவி வேறொரு கணினிக்குச் சொந்தமானது, அதிலுள்ளதைத் துடைத்தால்தான் புதுக் கணினியோடு சேரும் என்பதே விஷயம். சேர வேண்டிய பழைய கணினி மண்ணுக்குப் போய்விட்டது என்பதை அதனிடம் எப்படிச் சொல்வது? பிறகு யாரோ ஒரு தனி நிரலாளர் எழுதி இலவசமாக விட்டிருந்த சிறு மென்பொருளைத் தேடிப் பிடித்து, கருவியின் மறைந்த அடைவிலிருந்து கோப்புகளை வெளியே எடுத்தோம். பெயர்கள் வரவில்லை. தமிழில் வைத்த பெயர்கள் கேள்விக்குறிகளாகவே இறங்கின. எது எது என்று அறிய ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டியிருந்தது.

ஐந்து பாட்டு எப்படிப் போயிற்று என்பது கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் விளங்கிற்று. 2009 வாக்கில் எங்கள் பாட்டுகள் நான்கு கிகாபைட்டைத் தாண்டிவிட்டன. இடம் போதவில்லை, எதை விடட்டும் என்று மென்பொருள் கேட்டது. இதுவரை ஒருமுறையும் கேட்காதவற்றை விட்டுவிடு என்ற கட்டத்தில் நாங்களே குறியிட்டோம். எல்லாம் ஒருவழிப் பாதை என்றோமே, ஒன்றே ஒன்று மட்டும் கருவியிலிருந்து கணினிக்குத் திரும்பிப் போகும். எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டோம் என்ற எண்ணிக்கை.

2007இல் ஆயாவின் திதியன்று உறவினர் எல்லோரும் கூடியிருந்தபோது ஒலிபெருக்கியில் அவர் பாட்டைப் போட்டோம். சிலர் அழுதார்கள். ஒன்பதாவது பாட்டு முடிந்ததும், இலை போட்டாயிற்று என்று யாரோ குரல் கொடுக்க, நிறுத்திவிட்டு எழுந்தோம். அதன்பின் இரண்டாண்டுகளில் மிச்சம் ஐந்தையும் நாங்கள் கேட்கவில்லை. ஒருமுறைகூட. மென்பொருள் பொய் சொல்லவில்லை. எங்களைப் பற்றி அது வைத்திருந்த கணக்கு சரியாகவே இருந்தது.

ஆயாவோடு நடவுக்குப் போன கிழவி ஒருவர் பாகூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப்போனோம். ஒன்பதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "மீதி எங்க?" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்கு ஒரு பாட்டின் தொடக்கம் மட்டும் நினைவிருந்தது. இரண்டு அடி பாடினார். மூன்றாவது அடிக்கு வாயைத் திறந்தவர், "நாத்து கையில இருந்தாத்தான் வரும்" என்று சிரித்துவிட்டார். அந்த இரண்டு அடியையும் சிரிப்பையும் பதிந்து வைத்திருக்கிறோம்.

இப்போதெல்லாம் கம்பி வேண்டியதில்லை. பாட்டெல்லாம் எங்கோ தொலைவில் இருக்கும் கிடங்கிலிருந்து வருகிறது. கையில் இருப்பது வெறும் அனுமதி. அதைப் பழிக்கவும் எங்களுக்கு யோக்கியதை இல்லை. ஆயாவின் ஒன்பது பாட்டையும் மூன்று வட்டுகளில் பிரதி எடுத்து மூன்று வீடுகளில் வைத்திருக்கிறோம்.

திதியன்று ஒன்பதும் முடிந்த பிறகுதான் இலை போடுகிறோம்.