ஏழாவது நிறம்

லண்டன் விக்டோரியாவுக்குப் போகும் ரயில் தேம்ஸ் பாலத்தில் ஏறுவதற்குச் சற்று முன்னால் பேட்டர்சீ மின்நிலையம் வரும். செங்கல் கட்டடம், நான்கு வெள்ளைப் புகைபோக்கிகள். 1976 டிசம்பரில் அவற்றுக்கு நடுவே நாற்பதடி நீளப் பலூன் பன்றி ஒன்றைப் பறக்கவிட்டு, பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் ‘அனிமல்ஸ்’ இசைத்தட்டு உறைக்காகப் படம் பிடித்தார்கள். கட்டு அறுந்து, விமானங்கள் போகும் பாதையில் மிதந்து, கென்ட் பக்கம் ஒரு பண்ணையில் போய் விழுந்தது அந்தப் பன்றி. இன்று அந்த மின்நிலையம் கடைகளும் அடுக்குமாடி வீடுகளுமாக மாறியிருக்கிறது. 2022இல் திறந்தார்கள்.

அந்தக் குழுவின் ரோஜர் வாட்டர்ஸும் நிக் மேசனும் ரிச்சர்ட் ரைட்டும் கட்டடக்கலை படிக்கப் போய்ச் சந்தித்துக்கொண்ட ரீஜன்ட் தெருக் கல்லூரி, அவர்கள் பாட்டுகளைப் பதிவு செய்த அபே ரோடு ஸ்டூடியோ, எல்லாம் நினைத்தால் போய்விடும் தூரம் எனக்கு. வேலை, வீடு, குளிருக்கு இதமான அறை என்று இந்த ஊர் குறைவில்லாமல் கொடுத்திருக்கிறது. ஆனால் என்னுடைய பிங்க் ஃப்ளாய்ட் இந்த ஊரில் இல்லை. அது திருச்சி தில்லை நகரில், ஒரு மாடி அறையில் இருந்தது.

மாடியில் குடியிருந்த அண்ணனுக்கு வங்கியில் வேலை. அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. மஸ்கட்டிலிருந்து அவருடைய சித்தப்பா கொண்டுவந்த நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன் ஒன்று அவரிடம் இருந்தது. அவர், நான், ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி சைக்கிள் மிதித்து வரும் நண்பன். மூன்று பேர்தான். 1984, 85 என்று நினைவு. டீக்கடை, பஸ், கல்யாண வீடு எங்கும் இளையராஜா. அதிலும் நாங்கள் குறை வைக்கவில்லை. ஆனால் பொழுது சாய்ந்து அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டால் வேறு உலகம்.

முதலில் தொலைந்தது ஒரு சத்தம்.

பட்டனை அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு கனமான ஒலி. அப்புறம் வெறும் நாடா ஓடும் ‘ஸ்ஸ்ஸ்’. அந்த இரைச்சலின் அடியிலிருந்து, முதலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல், ஓர் இதயம் துடிக்க ஆரம்பிக்கும். மேசனின் பெரிய டிரம்மில் உண்டாக்கிய துடிப்பு அது. ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பம் அப்படித்தான் தொடங்கும், அப்படியே முடியும். இப்போது என் காதில் மாட்டும் கருவி சுற்றியிருக்கும் சத்தத்தை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் பாட்டையே தொடங்குகிறது. துல்லியம். குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த இதயம் எதிலிருந்து பிறக்க வேண்டுமோ அந்த இரைச்சல் இல்லை. பிறக்காமலேயே வந்து நிற்கிறது.

அடுத்தது ஒரு குரல். “முடியற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கப்படாது, ஆமா.” ஒவ்வொரு முறையும் அண்ணன் இதைச் சொல்லிவிட்டுத்தான் பட்டனில் விரல் வைப்பார். நாங்கள் பேச மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் சொல்வார். அதைச் சொன்னால்தான் கச்சேரி ஆரம்பம். பாயில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அந்த ஆல்பத்தில் ‘டைம்’ பாட்டின் தொடக்கத்தில் பத்துப் பதினைந்து கடிகாரங்கள் ஒன்றாக அலறும். பழைய கடிகாரங்கள் விற்கும் கடைக்குப் போய் ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒவ்வொன்றாகப் பதிந்துவந்து சேர்த்தவை என்று வெகுநாள் கழித்துப் படித்தேன். அந்த வயதில் எங்களுக்குத் தெரிந்தது, அந்த அலறலுக்குக் கீழ்வீட்டிலிருந்து என் அம்மா “என்னடா அது?” என்று குரல் கொடுப்பாள் என்பதுதான். கடிகாரங்கள் ஓய்ந்ததும் அம்மாவின் குரல், அதன் பிறகு டிரம். எனக்கு அந்தப் பாட்டு அந்த வரிசையில்தான் மனப்பாடம்.

ஸ்ரீரங்கத்து நண்பன் மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்தவன். ‘மணி’ பாட்டில் நாணயம் குலுங்குவதும் காகிதம் கிழிவதும் கல்லாப்பெட்டி சாத்துவதுமாக ஏழு சத்தங்கள் சுழன்று சுழன்று வரும். நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, ஒட்டி, வளையமாக்கிச் செய்த வேலை. முதல் முறை கேட்டபோது, பேசக்கூடாது என்ற சட்டத்தையும் மீறி அவன் துள்ளி எழுந்தான். “அண்ணா, மிஸ்ர சாபு!” அந்த ஏழு எண்ணிக்கைத் தாளத்தைத் தொடையில் போட்டுக் காட்டினான். தகிட தகதிமி, தகிட தகதிமி. அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். கிட்டார் தனியாக எழும்பும் இடத்தில் ஏழு போய் நான்காகிவிடும். அங்கே அவன் கை ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும், பிறகு சேர்ந்துகொள்ளும். அந்த ஒரு கணத்துக்காகவே நாங்கள் காத்திருப்போம். எவ்வளவோ பெரிய ஒலிபெருக்கிகளில் அந்தப் பாட்டைக் கேட்டாயிற்று. தொடையில் விழும் தாளம் எதிலும் இல்லை.

அதே ஆல்பத்தில் ஓரிடத்தில் வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் பாடுவாள். முதலில் கதறல், பிறகு கெஞ்சல், பிறகு ஓய்ந்துபோன முனகல். யார், எதற்கு என்று ஒன்றும் தெரியாது எங்களுக்கு. கிளேர் டாரி என்ற பெண் அவள் என்பதும், முப்பது பவுண்டு கூலிக்கு வந்து பாடிவிட்டுப் போனவள் என்பதும், அந்த இசைக்கு அவளும் உரியவள் என்று ஒப்புக்கொள்ள 2005 வரை ஆனது என்பதும் பின்னாள் செய்திகள். அன்றைக்கு அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார். “ஒப்பாரிடா இது. நம்ம ஊர் ஒப்பாரி.” சாவைப் பற்றிய பகுதி அது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எத்தனை குறைவாகத் தெரிந்து வைத்திருந்தோம்! பதிவான கேசட்டில் பெயர்கூடக் கிடையாது. நால்வரில் யார் எப்படி இருப்பார், எந்தக் குரல் யாருடையது, எதுவும் தெரியாது. ஆரம்ப ஆண்டுகளைத் தாண்டிய பிறகு அந்தக் குழுவும் தன் முகத்தை உறையில் போட்டு விற்றதில்லை. ஒரு பட்டகம், ஒரு தீப்பிடித்த மனிதன், ஒரு பன்றி, இவ்வளவுதான். காதில் விழுந்ததை ஒரு நோட்டில் எழுதினோம். புரியாத இடத்தில் கோடு போட்டு விட்டோம். அந்தக் கோடுகளை வைத்து மூன்று பேரும் மூன்று அர்த்தம் சொல்லிச் சண்டை போட்டோம். இன்று எந்தப் பாட்டின் எந்த வரியும் திரையில் ஓடுகிறது. சண்டை போட ஆள் இல்லை என்பதோடு, சண்டை போட இடமும் இல்லை.

உறை இல்லாத கேசட்டுக்கு நண்பன்தான் உறை செய்தான். யாரிடமோ பார்த்த இசைத்தட்டின் நினைவில், கறுப்பு அட்டையில் ஒரு முக்கோணம், ஒருபுறம் வெள்ளைக் கோடு, மறுபுறம் வானவில். ஊதாவிலிருந்து சிவப்பு வரை பள்ளிப் புத்தகத்தில் படித்தபடி ஏழு நிறம். இங்கே வந்தபின் அசல் இசைத்தட்டு வாங்கினேன். ஆறு நிறம்தான். கருநீலம் அதில் கிடையாது. உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் அந்த ஆறு நிறம் இருக்கிறது. ஏழு நிறம் உள்ள ‘டார்க் சைட்’ ஒன்றே ஒன்று. அது எங்கே போனதென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கேசட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிடிகே தொண்ணூறு நிமிட நாடா, பக்கத்துக்கு நாற்பத்தைந்து. ‘டார்க் சைட்’ சுமார் நாற்பத்து மூன்று நிமிடம், ‘விஷ் யூ வேர் ஹியர்’ நாற்பத்து நான்கு. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பக்கத்துக்கு ஒன்றாகப் பொருந்தின. ஆனால் அது புதிய நாடா அல்ல. அண்ணனின் அம்மா கந்த சஷ்டி கவசம் பதிந்து வைத்திருந்தது. அம்மாவுக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டு அதன் மேலேயே இதைப் பதிந்திருந்தார். ‘ஏ’ பக்கத்தில் கடைசி இதயத் துடிப்பும் தேய்ந்து, ஒரு கணம் நிசப்தமாகி, திடீரென்று நடுவரியிலிருந்து சூலமங்கலம் சகோதரிகளின் குரல் எழும். இரண்டு நிமிடம். அண்ணன் அதை நிறுத்தியதே இல்லை. முருகனையும் கேட்டுவிட்டுத்தான் கண் திறப்பார். இப்போதும் அந்த ஆல்பம் முடியும்போது என் காது சகோதரிகளுக்காகக் காத்திருக்கிறது. வருவதில்லை.

‘பி’ பக்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. மூன்று பேரில் ஒருவர் வராத நாளில்தான் அதைப் போடுவோம். பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஓர் ஆங்கில இதழிலிருந்து அண்ணன் அந்த ஆல்பத்தின் பின்கதையைப் படித்துச் சொல்லியிருந்தார். குழுவை முன்னின்று நடத்திய சிட் பாரெட் மனம் கலங்கி 1968இல் விலக நேர்ந்தது. ஏழு ஆண்டு கழித்து, அவரை நினைத்து ஒரு பாட்டைச் செய்துகொண்டிருந்த நாளில், தலையும் புருவமும் மழித்து உடல் பருத்த ஒருவர் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். கூடப் பாடியவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. சிட்தான் அது. 1975 ஜூன் 5. படித்து முடித்த அண்ணன் இதழை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. வராதவனுக்கு ‘பி’ பக்கம் என்ற வழக்கம் அன்று வந்தது.

வாட்டர்ஸ் குழுவை விட்டு விலகியது 1985இல். எங்களுக்கு அது தெரியவந்தபோது அண்ணனுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றலாகி, அறையில் வேறு யாரோ குடிவந்திருந்தார்கள். நண்பன் படிக்க பெங்களூர் போனான். நான் முதலில் சென்னை, பிறகு இங்கே. லண்டன் குழு பிரிந்ததைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. தில்லை நகர்க் குழு பிரிந்தது எதிலும் வரவில்லை.

2002இல் வாட்டர்ஸ் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பாடினார். நண்பன் போயிருந்தான். மறுநாள் தொலைபேசியில் அவன் சொன்னது இதுதான்: “ஏழு வந்ததுடா. தொடையில போட்டேன். பக்கத்துல இருந்தவன் ஒரு மாதிரி பார்த்தான்.” அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

2005 ஜூலை 2. ஹைட் பார்க்கில் ‘லைவ் 8’. 1981க்குப் பிறகு முதன்முறையாக, சிட் விலகியபின் குழுவாக நின்ற நால்வரும் ஒரே மேடையில். நான் வீட்டில் தொலைக்காட்சி முன்னால். இரவு பதினொன்றை ஒட்டி அவர்கள் வந்தார்கள். ஊரில் விடியற்காலை மூன்றரை இருக்கும். அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். ரிடையர் ஆகித் திருச்சிக்கே திரும்பியிருந்தார். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவரிடம் எதுவும் சொல்லாமல் ரிசீவரைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பிடித்தேன். இதயம் துடிக்க ஆரம்பித்தது. முதல் பாட்டு முடிந்ததும் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். பிறகு மெதுவாக, “நாலு பேரும் இருக்காங்களாடா?”

இருக்காங்கண்ணே, என்றேன். மறுபடி ரிசீவரைப் பெட்டிப் பக்கம் திருப்பினேன்.

அடுத்த ஆண்டு சிட் போனார். 2008 செப்டம்பரில் ரைட் போனார். நால்வர் இனி நால்வராக மாட்டார்கள். அதன் பிறகு ஒரு மார்கழியில் அண்ணனும். செய்தி சொன்ன தொலைபேசியில், பேசியவருக்குப் பின்னால் கேட்ட பெண் குரல்களில் வார்த்தையே இல்லை.

சிவப்புப் புள்ளி வைத்த ஒரு பட்டன், அழுத்தினால் எந்தக் குரலையும் பிடித்து வைக்கும் பட்டன், அந்த அறையில் எப்போதும் எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் குரல் எந்த நாடாவிலும் இல்லை.

2017இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பிங்க் ஃப்ளாய்டுக்கென்று பெரிய கண்காட்சி வைத்தார்கள். கிட்டார்கள், கையெழுத்துத் தாள்கள், வாட்டர்ஸ் படித்த பள்ளியின் பிரம்புகூட இருந்தது. வாசலில் ஆளுக்கொரு ஹெட்ஃபோன் தந்தார்கள். எந்தப் பொருளின் முன்னால் நிற்கிறோமோ அதற்கான இசை தானாக வரும். எத்தனையோ பேர், என் வயதுக்காரர்கள், ஒவ்வொருவரும் தன் காதுக்குள் தனியாக. ஒருவர் கண் கலங்கி நின்றார். அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்கும் தெரியாது. அங்கேதான் எனக்கு விளங்கியது. நாங்கள் ரசிகர்களானது அந்த நால்வருக்கு மட்டுமல்ல. ஒரே ஒலிபெருக்கியில் ஒரே நேரத்தில் ஒரே இசையைக் கேட்ட மூன்று ஜோடிக் காதுகளுக்கும்தான். அண்ணனின் கண்மூடலும் நண்பனின் தொடைத் தாளமும் என் அம்மாவின் அதட்டலும் முருகனின் கவசமும் சேர்ந்த அந்தக் குழு எங்கள் மூவருக்கு மட்டும் கிடைத்தது. அதை யாரும் மறுபடி வெளியிடப் போவதில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கும் ஒரு மாடி அறை இருந்திருக்கும். குழுவின் பெயர் வேறாக இருக்கலாம், ஊர் வேறாக இருக்கலாம். “பேசாமக் கேளு” என்று சொல்ல ஒருவர் இருந்திருப்பார். அந்தப் பாட்டு இன்று உங்கள் சட்டைப் பையில் கிடக்கிறது. எடுத்துப் போட்டுப் பாருங்கள். அத்தனையும் இருக்கும், இல்லாதது எதுவென்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கு இப்போது எல்லா நாளும் ‘பி’ பக்கம்தான். ஆனாலும் நண்பனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு நாள், ஒரு பாய், ஒரு பழைய டூ-இன்-ஒன். ‘ஏ’ பக்கம் போட வேண்டும். மூன்று பேர் இல்லாமல் அது சரியில்லை என்று அவன் சொன்னான். சரியில்லைதான். போடத்தான் வேண்டும், என்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்று யார் சொல்வது, என்று கேட்டான். நீ சொல்லு, என்றேன்.