பாட்டும் பட்டியலும்

ஆக்ஸ்ஃபோர்டு நகரம் கேட்ட பேச்சுகள் பல. அவற்றுள் இரண்டை அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தல் நமக்குப் பயன் தரும்.

முதற்பேச்சு எழுந்தது 1860 ஆம் ஆண்டு ஜூன் திங்களில். டார்வினின் நூல் வெளிவந்து ஏழு திங்களே கடந்திருந்தன. ஒருபுறம் ஆயர் வில்பர்ஃபோர்ஸ். மறுபுறம் அறிஞர் ஹக்ஸ்லி. மறைநூல் மெய்யா, பரிணாமம் மெய்யா என்று மன்றமே இரண்டுபட்டது. எள்ளல் எழுந்தது, எதிர்ப்பு எழுந்தது, கைதட்டல் இருபுறமும் எழுந்தது. தெளிவு மட்டும் எழவில்லை.

இரண்டாம் பேச்சு எழுந்தது 1978 ஆம் ஆண்டில். பாம்ப்டன் சொற்பொழிவுகள் எனும் புகழ்மிக்க வரிசையில் பேசியவர் ஆர்தர் பீக்காக். டி.என்.ஏ. எனும் உயிர்ப்பொருளின் இயல்பை ஆய்ந்த வேதியியல் அறிஞர் அவர். 1971 இல் ஆங்கிலத் திருச்சபையின் குருவாகவும் ஆனவர். 1860 இல் எதிரெதிர் நின்ற இருவரும் இந்த ஒருவருக்குள்ளே குடியிருந்தனர் எனலாம். குடியிருந்தனர், ஆனால் குத்துவெட்டு இல்லை!

நாம் கிறித்தவர் அல்லோம். வேதியியல் கற்றோரும் அல்லோம். கல்லூரியில் வரலாறு பயின்று, பள்ளியில் பாடம் நடத்தி வாழ்வோர். ஆயினும், இவ்வறிஞரின் எண்ணம் நம்மைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கற்கால மனிதனைப் பற்றிப் பாடம் சொல்லி முடித்த ஒருநாள், மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, தேர்வுக்கு இதை எழுதுகிறோம். வீட்டில் வேறு சொல்லுகிறார்கள். எது மெய் ஐயா?" என்றான். சிரித்தனர் மற்றவர்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. தாளுக்கு ஒரு விடை, தாய்க்கு ஒரு விடை என இரண்டு உள்ளங்களோடு வளரும் பிள்ளை, எதிலும் உண்மையாக நிற்க மாட்டானே என்ற அச்சமே நம்மைக் கவ்விற்று.

பீக்காக் இரட்டை உள்ளத்தை ஏற்காதவர். பரிணாமத்தை அவர் ஒளிக்கவில்லை. மறைநூலை எரிக்கவும் இல்லை. எதை எப்படிப் படிப்பது என்று கேட்டார். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். மாலையும் காலையும் பல்லவிபோல் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு நாளும் ஒரு சரணம்போல் வளர்கிறது. அதன் நடை பாட்டின் நடை. பேராயர் அஷர் 1650 இல் செய்தது என்ன? தலைமுறைகளைக் கூட்டிக் கழித்து, உலகம் கி.மு. 4004 இல் படைக்கப்பட்டது என்று முடிவு கட்டினார். பாட்டைப் பட்டியலாக்கினார்!

பட்டியலாக்கியதன் விலையைக் கொடுத்தவர் யார் தெரியுமா? 1925 இல், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து டேட்டன் என்னும் சிற்றூரில், ஜான் ஸ்கோப்ஸ் என்னும் இருபத்து நான்கு வயது ஆசிரியர். பரிணாமம் கற்பித்த குற்றத்திற்கு 100 டாலர் தண்டம். நடைமுறைப் பிழை காட்டி மேல்மன்றம் பின்னர் அத்தீர்ப்பை நீக்கியது. சட்டம் நீங்கவோ 1967 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவருடைய வயதை ஒத்த நமக்கு, அந்த 100 டாலர் நம் சம்பளத்தில் பிடித்ததுபோலவே உறுத்துகிறது.

அதே படைப்புக் கதையை 1798 இல் வியன்னாவில் ஹைடன் இசையாக்கி அரங்கேற்றினார். ஒளி பிறக்கும் இடத்தில் இசைக்கருவிகள் யாவும் ஒருங்கே முழங்குகின்றன. அதைக் கேட்போர் யாரேனும் ஆண்டும் தேதியும் கேட்பரோ? பாட்டைப் பாட்டாகக் கேட்டால் பகை எங்கே?

பீக்காக் கைக்கொண்ட உவமையும் இசைதான். பிரெஞ்சு அறிஞர் ஜாக் மோனோ 1970 இல் எழுதிய நூலில், உயிர்களின் வளர்ச்சிக்கு அடிப்படை குருட்டுத் தற்செயலே என்றார். தற்செயலை மறுக்கவில்லை பீக்காக். தற்செயல் மட்டுமிருந்தால் குழப்பம். விதி மட்டுமிருந்தால் தேக்கம். இரண்டும் கைகோத்தால் புதுமை பிறக்கும் என்றார். சிறு மெட்டொன்றை எடுத்துப் பிரித்து, திருப்பி, பின்னிப் பெருக்கும் ஃபியூக் எனும் இசைவடிவத்தை எடுத்துக்காட்டினார். 1747 இல் போட்ஸ்டாம் அரண்மனையில் மன்னர் ஃபிரடெரிக் தந்த மெட்டைக் கேட்ட மாத்திரத்தில், பாக் மூன்று குரல் ஃபியூக்காக விரித்து வாசித்தார். முன்னரே எழுதிவைத்த ஏடு இல்லை. ஆயினும் இலக்கணம் வழுவவில்லை. நம் ஆலாபனையும் அத்தகையதன்றோ? அடுத்த சுரம் எதுவென அவையோர் அறியார், ராகமோ கலைவதில்லை. படைப்பும் அவ்வாறே, முடிந்துபோன செயலன்று, நடந்துகொண்டேயிருக்கும் கச்சேரி என்றார் அக்குரு.

அழகிய உவமை. ஆனால் இங்கே நாம் சற்று நிற்கிறோம். புலியின் பல்லில் துடிக்கும் மானும், நோயில் மடியும் குழந்தையும் இந்த இசையில் எந்தச் சுரம்? பீக்காக் இக்கேள்வியைக் கண்டு ஓடவில்லை. படைத்தவனும் படைப்போடு சேர்ந்தே துன்புறுகிறான் என்றார். அவ்விடை நம் உள்ளத்தைத் தொடுகிறது. அறிவை நிறைவு செய்யவில்லை. இசை இருக்கிறது என்பதற்கு நம் செவியே சான்று. இசைப்பவன் இருக்கிறான் என்பதற்கு உவமை சான்றாகாது. அவரோடு பாதிவழி நடந்தோம். மீதிவழியை அவர் நம்பிக்கைக்கே விடுகிறோம்.

பாதிவழியாயினும் அது பயனுள்ள வழி. 2001 இல் டெம்பிள்டன் பரிசு பெற்று, 2006 இல் மறைந்த அவ்வறிஞர், அறிவியல் விளக்காத இடைவெளிகளில் இறைவனைச் செருகி வைத்தவர் அல்லர். சான்று வந்த இடத்தில் மறைநூலின் பழம்பொருளை விட்டுக்கொடுத்தவர். குருவானவரே அதைச் செய்தார் எனில், பிள்ளைகளுக்கு அறிவூட்ட வந்த ஆசிரியர் அஞ்சுவானேன்?

ஆகவே, ஆசிரியத் தோழர்களே! புதைபடிவம் பேசும்போது சான்று கேட்கச் சொல்லுங்கள். பாட்டு ஒலிக்கும்போது செவி கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே தராசில் இட்டுக் குழப்ப வேண்டாம். எது மெய் என்று கேட்கும் பிள்ளையை அதட்டி அமர்த்தவும் வேண்டாம். வீட்டிலும் பள்ளியிலும் ஒரே உள்ளத்தோடு பேசத் துணிந்த பிள்ளைகள் வளரும் நாடே அறிவு நாடு!