முதல் கவளத்தோடு

கணையம் என்னும் சொல்லுக்குப் பழைய பொருள் வேறு. கோட்டைக் கதவை உட்புறமாக அடைத்துப் போடும் குறுக்கு மரத்துக்கு அப்பெயர் வழங்கியது. அந்தப் பொருள் அகராதிக்குள் ஒதுங்கிவிட, இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே படுத்திருக்கும் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீள உறுப்பொன்று அச்சொல்லை எடுத்துக்கொண்டது. ஈரலை நாம் அறிவோம், குடலை அறிவோம், பித்தம் நம் வசவுகளில்கூட இடம்பெற்றிருக்கிறது. கணையம் மட்டும் நம் பேச்சுக்குள் வரவேயில்லை. நாள்தோறும் ஒரு லிட்டருக்கு மேல் செரிமான நீரைச் சுரந்து, நாம் உண்ணும் மாவையும் புரதத்தையும் கொழுப்பையும் அறுத்துக் கொடுக்கும் ஓர் உறுப்பு இவ்வளவு ஓசையின்றி இருப்பது வியப்புக்குரியதுதான். அது கெடும்போதும் அப்படியே ஓசையின்றிக் கெடுகிறது.

2021 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அப்பாவின் கண்கள் மஞ்சளித்தன. கீழாநெல்லியில் தொடங்கி ஸ்கேனில் முடிந்தது அந்த மாதம். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி; அது பித்தக் குழாயை நெரித்ததால் வந்த காமாலை. ஐப்பசியில் அறுவை சிகிச்சை நடந்தது. 1935 இல் ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்டமையால் அவர் பெயராலேயே இன்றும் வழங்கும் முறை அது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் ஒரு பகுதி ஆகியவற்றை அகற்றிவிட்டு, எஞ்சியவற்றைக் குடலோடு மறுபடி தைத்து இணைக்கிறார்கள். உடலின் இலக்கணத்தையே கலைத்துப் புணர்ச்சி விதிகளைப் புதிதாக எழுதுவது போன்ற வேலை. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மருத்துவர் தாளில் படம் வரைந்து விளக்கியபோது, “தோன்றல், திரிதல், கெடுதல் மூணும் ஒரே இடத்துல நடக்கு” என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அறுவையிலிருந்து பிழைத்து வீடு வந்த பிறகுதான் நாங்கள் எதிர்பாராத பகுதி தொடங்கியது. அப்பா உண்டார், உண்ண உண்ண இளைத்தார். சிகிச்சைக்கு முன் 66 கிலோ. தை பிறந்தபோது 49. கீமோதெரபி இரண்டு சுற்றுகள் முடிந்த நிலையில், இந்த எடைக்கு மூன்றாவது சுற்றைத் தாங்கமாட்டார் என்று நிறுத்தி வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: “அந்த நோவுன்னா இளைக்கத்தான செய்யும்.” நோயின் பெயர் பெரிதாக இருக்கும்போது, அதற்குப் பின்னால் நிற்கும் சிறிய காரணங்கள் யார் கண்ணுக்கும் படுவதில்லை.

மணிமேகலையில் காயசண்டிகை என்றொருத்தி வருகிறாள். முனிவனின் சாபத்தால் யானைத்தீ என்னும் பெரும்பசி பற்றி, எவ்வளவு உண்டாலும் ஆறாமல் பன்னிரண்டு ஆண்டுகள் அலைந்தவள். வகுப்பில் அந்தக் காதையை நடத்தும்போதெல்லாம் அதைப் புராணக் கற்பனையாகவே மாணவர்களுக்கு விளக்கி வந்திருக்கிறோம். அந்த மார்கழியில் எங்கள் அடுக்களையிலேயே அவளைக் கண்டோம். அப்பாவின் தட்டில் விழுந்த சோறு அவரைச் சேரவில்லை. வயிற்றின் வழியாக நடந்து வெளியே போயிற்று.

வெளியே போயிற்று என்கிறோம். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்து, அதில் ஒன்றை இடக்கரடக்கல் என்கிறார். அவையில் சொல்லத் தகாததை மறைத்து வேறு வாய்பாட்டால் சொல்வது. ‘கால் கழுவி வந்தான்’ என்பது எல்லா ஆசிரியரும் காட்டும் எடுத்துக்காட்டு. அந்த மரபில் ஊறியவர் அப்பா. மருத்துவர் கேட்டபோதெல்லாம் “வயிறு கொஞ்சம் சரியில்லை” என்பதே அவர் விடை. எண்ணெய்ப் பசையோடு வெளுத்து, நீரில் மிதந்து, நாலு முறை நீர் ஊற்றினாலும் போகாமல் நிற்பதை அவர் மருத்துவரிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. பண்பாடு என்று நாம் போற்றும் ஒன்று, நோயின் முதன்மையான அடையாளத்தையே மூடி வைத்திருந்தது.

அதைத் திறந்தவர் ஓர் இளம் உணவியல் நிபுணர். பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். எடை அட்டையைப் பார்த்தார். “ஐயா, மலம் மிதக்குதா, முங்குதா?” என்று நேராகக் கேட்டார். இடக்கரும் இல்லை, அடக்கலும் இல்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, “மிதக்கும்மா” என்றார். அந்த ஒரு சொல்லில் மூன்று மாத மர்மம் அவிழ்ந்தது. கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறுகிறது என்பதே அதன் பொருள்.

மருந்து இல்லாமல் இல்லை. மருத்துவமனையிலிருந்து வரும்போது தந்த பதினொரு மருந்துகளின் பட்டியலில் கணைய நொதி கேப்சூல் ஒன்றும் இருந்தது. ‘காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதியிருந்தது. அது என்ன, எதற்கு என்று எவரும் விளக்கவில்லை. அந்தப் பெண் விளக்கினார். கேப்சூலுக்குள் கடுகினும் சிறிய மணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மணிக்கும் இரைப்பை அமிலத்தில் கரையாத மேற்பூச்சு உண்டு. அவை உணவோடு கலந்து, உணவோடு சேர்ந்து சிறுகுடலுக்குள் இறங்கி, அங்கே பூச்சு கரைந்து வேலை செய்ய வேண்டும். உண்டு முடித்த பிறகு விழுங்கினால் உணவு முன்னே போய்விடும், நொதி பின்னே தேடிக்கொண்டு போகும். ஆகவே முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று. 25,000 அலகுக் கேப்சூல் என்றால் சாப்பாட்டுக்கு இரண்டு, சிற்றுண்டிக்கு ஒன்று என்பது தொடக்கம். இலை போட்ட விருந்தென்றால் மூன்று. பாலும் உணவுதான், எனவே பால் காப்பிக்கும் ஒன்று. கடுங்காப்பிக்கும் ஓரிரண்டு துண்டுப் பழத்துக்கும் வேண்டியதில்லை. மெல்லக் கூடாது, வெந்நீரோடு விழுங்கக் கூடாது, சுடுசோற்றில் தூவக் கூடாது; நொதி ஒரு புரதம், சூட்டில் செத்துவிடும். போதவில்லையென்றால் அளவைக் கூட்டலாம். அதற்கும் மசியாவிட்டால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சேர்ப்பதுண்டு.

எங்களை மிகவும் திகைக்க வைத்தது அவர் கடைசியாகச் சொன்னது. அதுவரை ‘எண்ணெய் வேண்டாம், தேங்காய் வேண்டாம், கஞ்சி மட்டும் போதும்’ என்பதே வீட்டின் சட்டம். அவர், “கொழுப்பைக் குறைக்காதீங்க, கேப்சூலைக் கூட்டுங்க” என்றார். இளைக்கிறவருக்குக் கொழுப்பே வலிமை. அதை நிறுத்திவிட்டால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கூடவே போய்விடும் என்றார். பிரிட்டனில் 2018 இல் வெளியான தேசிய வழிகாட்டுதல், அறுவை செய்ய இயலாத கணையப் புற்றுநோயாளிகளுக்கே இந்த நொதியைத் தர வேண்டும் என்றும், அறுவை செய்துகொள்வோருக்கு முன்னும் பின்னும் அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இது ஆடம்பர மருந்தன்று. உணவு உணவாவதற்கு வேண்டிய அடிப்படை.

இனி நாங்கள் எழுதத் தயங்கிய பகுதி. அந்தக் கேப்சூலின் உறையிலிருந்த தாளைப் பொடி எழுத்து வரை படித்தோம். உள்ளே இருப்பது பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த நொதி. எங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சைவக் குடும்பம். அப்பா முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொட்டதில்லை. இன்சுலின் ஒரு காலத்தில் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்துதான் வந்தது. 1982 இல் நுண்ணுயிரிகளைக் கொண்டு செய்த மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்து, அந்தச் சங்கடம் நீங்கியது. செரிமான நொதிக்கு அந்த விடுதலை இன்னும் வரவில்லை. பப்பாளியிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் எடுக்கும் நொதிகள் மருந்துக்கடையில் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் அறுவைக்குப் பின் கணையம் கைவிட்ட வேலையை அவற்றால் ஈடுசெய்ய முடியாது.

சொல்வதா, மறைப்பதா என்று வீடு இரண்டாகப் பிரிந்தது. “தெரிஞ்சா திங்கமாட்டாரு, திங்கலைன்னா இருக்கமாட்டாரு” என்றாள் அக்கா. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆயினும், எழுபதை நெருங்கும் ஒருவரின் நாக்குக்குள் அவர் அறியாமல் ஒன்றை வைக்கும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டா? வாழ்நாள் முழுவதும் ஒரு நெறியைக் காத்தவர், அதை விடுவதானாலும் காப்பதானாலும் தாமே முடிவு செய்ய வேண்டும் அல்லவா? சொல்லிவிட்டோம்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்று இரவும் மறுநாளும் கேப்சூலைத் தொடவில்லை. கஞ்சி மட்டும் குடித்தார். மூன்றாம் நாள் காலை திருநீறு பூசிக்கொண்டு வந்து இலையின் முன் அமர்ந்தார். திருவிளையாடற் புராணத்தில் பன்றிக்குட்டிகளுக்கு முலை கொடுத்த படலம் என்றொன்று உண்டு. தாயை இழந்து பசியால் தவித்த குட்டிகளுக்குச் சொக்கநாதர் தாய்ப்பன்றியின் வடிவெடுத்து வந்து பால் கொடுத்தார் என்பது கதை. அப்பா அதைப் பலமுறை மேடையில் விரித்துப் பேசியவர். “எய்யா, சொக்கனே பன்னியா வந்து பால் குடுத்திருக்கான். நான் அவனவிட பெரிய சைவமா?” என்றார். முதல் கவளத்தோடு ஒன்றை விழுங்கினார்.

அவர் அந்த முடிவை எளிதாக எடுத்தார் என்று சொல்லமாட்டோம். தன் நெறியைத் தன் நெறியின் கதையைக் கொண்டே கடந்தார். அதற்கு மூன்று நாள் பிடித்தது. இன்னொருவர் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதையும் மதிக்கவே வேண்டும். ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும் அந்த முடிவை.

பழைய விபூதிச் சம்புடம் ஒன்றைக் கழுவிக் காயவைத்துக் கேப்சூல்களுக்கென்று வைத்துக்கொண்டார். நாளைக்கு எட்டு, மாதத்துக்கு 240. நெல்லை வெயிலில் 25 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்தைக் காப்பது தனிப் பாடு. வாங்கியதை வீட்டின் குளிர்ந்த அறையில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சம்புடத்தில் எடுத்துக்கொண்டார். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை விழுந்ததும் சம்புடம் திறக்கும். நான்கு மாதத்தில் 55 கிலோ ஆனார். நிறுத்திய கீமோதெரபியைத் தொடர்ந்து முடித்தார். மறுவீட்டு விருந்தொன்றில் தேங்காய்ப் பாலூற்றிய சொதியை இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டதை ஊரே பார்த்தது.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரம் பெரும்பாலும் உணவைப் பற்றியே பேசுகிறது. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டா என்கிறார் வள்ளுவர். வயிற்றின் தீயளவை அறிந்து உண்ணச் சொல்கிறார். அந்தத் தீ எல்லோருக்கும் பிறப்பிலேயே வாய்த்தது என்ற நம்பிக்கையில்தான் அந்த அறிவுரை நிற்கிறது. தீயை ஒவ்வொரு வேளையும் சட்டைப்பையிலிருந்து எடுத்து மூட்ட வேண்டியவர்களும் இவ்வுலகில் இருக்கிறார்கள். உண்பதும் செரிப்பதும் ஒன்றல்ல என்பதை அவர்களோடு வாழ்பவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

நொதி புற்றுநோயைக் குணப்படுத்துவதில்லை. 2024 பங்குனியில் அப்பா மறைந்தார். நோய் ஈரலில் திரும்பியிருந்தது. ஆனால் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளை அவர் பட்டினியில் கழிக்கவில்லை. தமக்குப் பிடித்ததை உண்டார். உண்டது அவரைச் சேர்ந்தது.

நண்பர்களில் எவர் வீட்டிலாவது இந்நோய் வந்து, உண்டும் இளைக்கிறார் என்றால், அதை நோயின் விதி என்று விட்டுவிடாதீர்கள். கணைய நொதி தரப்பட்டிருக்கிறதா, எத்தனை அலகு, உணவுக்கு நடுவிலா பின்னாலா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அறுவைக்குப் பின் சர்க்கரை நோயும் புதிதாக வரக்கூடும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இடக்கரடக்கலை அவைக்கு வைத்துக்கொண்டு, மருத்துவரின் அறையில் மலத்தை மலம் என்றே சொல்லுங்கள்.