மிளகு பயறான ஊரில் ஒரு டயர் விவகாரம்

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். உடையார்பாளையத்தில் பொய் சொன்னவருக்குப் போஜனம் கிடைத்திருக்கும். ஆனால் அதில் மிளகு மட்டும் இருந்திருக்காது!

ஊரில் சொல்லும் கதை இது. முன்னொரு காலத்தில் ஒரு வியாபாரி மிளகு மூட்டைகளோடு இவ்வழியே வந்தார். மிளகுக்குச் சுங்கம் உண்டு. "இது என்ன மூட்டை?" என்று கேட்டவர்களிடம், "எல்லாம் பயறு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். பின்னால் மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் அத்தனையும் பயறு! அலறிப் புடைத்துக்கொண்டு இறைவனிடம் ஓடி முறையிட்டார். மனம் இரங்கிய சிவபெருமான் பயற்றை மீண்டும் மிளகாக்கினார். அதனால்தான் இங்கே சுவாமிக்குப் பயறணீசுவரர் என்று திருநாமம்.

சென்னையிலிருந்து போகிறவர்கள் அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி, ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக் கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும். லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டுப் பஸ் ஊர்ந்து போகும். அதைத் தாண்டினால் செம்மண் பூமி. இரண்டு பக்கமும் முந்திரித் தோப்புகள். காற்றில் புழுதியும் முந்திரிப் பூவின் வாசனையும் கலந்து வரும்.

உடையார்பாளையம் ஒரு காலத்தில் ஜமீன் தலைநகரம். சங்கீத ரஸிகர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்ததுமே கனம் கிருஷ்ணையர் நினைவுக்கு வருவார். பதங்கள் பல இயற்றிய அந்த வித்துவானை ஆதரித்தது இந்த ஜமீன்தான். அவரிடம் சங்கீதம் பயின்றவர் உ.வே.சாமிநாதையரின் தகப்பனார். 1940 முதல் 1942 வரை வார இதழில் தொடராக வந்த 'என் சரித்திர'த்தில் இந்த ஊரைப் பற்றித் தாத்தா எழுதியிருப்பது பழைய வாசகிகளுக்கு ஞாபகம் இருக்கலாம்.

ஜமீன் 1950-களின் தொடக்கத்தோடு போயிற்று. பல்லக்கும் போயிற்று. இப்போது வீதியில் பவனி வருபவை 'பிக்கப்' வண்டிகள். முன்னால் இரண்டு மூன்று பேர் உட்கார இடம். பின்னால் திறந்த தொட்டி. முந்திரிக் கொட்டையா, பலாப்பழமா, சவுக்குக் கட்டையா, கல்யாண வீட்டுப் பாத்திரமா, எதற்கும் இந்த வண்டிதான். வீட்டுக்கு ஒரு பசு மாடு இருந்த இடத்தில் இன்று ஒரு பிக்கப் நிற்கிறது என்று சொன்னால் அதிகம்தான். ஆனாலும் பசுவைப் போலவே இதுவும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது.

டயர் பஞ்சர் ஒட்டும் கடை ஒன்றில்தான் அந்த விவாதத்தைக் கேட்டேன். புது வண்டி. வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. வண்டிக்காரப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் அவன் தாயார். வீட்டில் பட்டுத் தறி போட்டு நெய்கிற அம்மாள். வண்டிக்கு முன்பணம் கட்ட அவருடைய இரட்டை வடச் சங்கிலி பாங்கிக்குப் போயிருக்கிறது, இன்னும் திரும்பவில்லை.

"அம்மா, தோப்புக்குள்ள போறப்ப வண்டி அடி தட்டுதும்மா. பெரிய டயரா மாட்டிட்டா தட்டாது. பார்க்கவும் எடுப்பா இருக்கும்" என்றான் பிள்ளை.

"எடுப்பா இருக்கும், சரி. நாளைக்கு உள்ள ஏதாவது ஒடஞ்சா கம்பெனிக்காரன் பார்த்துக் குடுப்பானா? வாரண்டி இருக்குன்னுதானே இந்த வண்டிய எடுத்தோம்?" என்றார் தாயார்.

ஆயிரம் ரூபாய்க் கேள்வி இது என்று சொல்லக் கூடாது. அந்தச் சங்கிலியின் விலையுள்ள கேள்வி. கடைக்காரர் பதில் சொல்லாமல் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பதில் மும்முரமானார்.

விடையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்கிற மாதிரி எண்கள் அச்சாகியிருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் உயரம் என்பது. 15 என்பது உள்ளே இருக்கும் இரும்பு வட்டின் குறுக்களவு, அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் முழுச் சக்கரத்தின் குறுக்களவு சுமார் 703 மில்லி மீட்டர். இதற்குப் பதில் 235/75 ஆர் 15 மாட்டினால் சுமார் 733. வித்தியாசம் 30 மில்லி மீட்டர். நூற்றுக்கு நாலுக்குச் சற்று மேல்.

'முப்பது மில்லி மீட்டர் வண்டி உயர்ந்துவிடும்' என்று சந்தோஷப்பட வேண்டாம். சக்கரத்தின் மேல் பாதி உயர்வதால் வண்டிக்கு என்ன லாபம்? அச்சுக்குக் கீழே கிடைப்பது பாதிதான். பதினைந்து மில்லி மீட்டர். சுண்டு விரல் அகலத்தை விடச் சற்று அதிகம். அந்த விரல் அகலத்துக்குக் கொடுக்கிற விலை என்ன என்பதுதான் கேள்வி.

சின்னச் சக்கரம் ஒரு கிலோ மீட்டருக்குச் சுமார் 452 தடவை சுற்றும். பெரியது 434 தடவைதான். வண்டியின் மீட்டருக்கு இந்தச் சங்கதி தெரியாது. அது பழைய கணக்கிலேயே எண்ணும். ஆகவே 60 கிலோ மீட்டர் வேகம் என்று முள் காட்டும்போது வண்டி உண்மையில் 62-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். பத்தாயிரம் கிலோ மீட்டர் ஓடியிருந்தால் மீட்டர் சுமார் 9,600 என்று காட்டும். வாரண்டியோ 'இத்தனை வருஷம் அல்லது இத்தனை கிலோ மீட்டர், எது முந்துகிறதோ அது' என்று கணக்கிடப்படுவது. கணக்குப் புத்தகமே தப்பாகிவிட்டால் கம்பெனிக்காரர் முகம் சுளிப்பதில் வியப்பு என்ன?

பெரிய சக்கரத்தைச் சுழற்ற என்ஜின் அதிகம் முக்க வேண்டும். பாரம் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது கிளட்ச் தேயும். பிரேக் பிடித்து நிறுத்தவும் அதிக பலம் வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் மட்காப்பில் உரசலாம். 'டயர் பெரிசு, பாரமும் கூட ஏற்றலாம்' என்பது இன்னொரு மயக்கம். எவ்வளவு பாரம் என்பது ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருப்பது, டயர் மாற்றினால் அந்த எண் மாறாது.

வாரண்டிப் புத்தகங்களில் பொதுவாக ஒரு வாசகம் இருக்கும். கம்பெனி அனுமதிக்காத மாற்றங்களாலோ, அதிக பாரத்தாலோ ஏற்படும் பழுதுக்கு அவர்கள் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். டயருக்கு வாரண்டி தருவது பெரும்பாலும் டயர்க் கம்பெனி. வண்டிக் கம்பெனி அல்ல. இதையும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் 1975-இல் ஒரு சட்டம் செய்தார்கள். வேறு கம்பெனிச் சாமான் மாட்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே வாரண்டியை மறுத்துவிட முடியாது. அந்தச் சாமானால்தான் கெட்டது என்று காட்ட வேண்டும். நமக்குத் துணை 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வாடகைக்கு ஓட்டுகிற வண்டி ஆயிற்றே என்று பயப்பட வேண்டியதில்லை. சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டிச் சம்பாதிக்க வாங்கியதானால், அவரும் நுகர்வோர்தான் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. புகாரை இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். யோசனை கேட்க 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

வாரண்டியை விடப் பெரிய பூதம் ஒன்றும் உண்டு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு வழக்கில் இதை வலியுறுத்தியது. அதே வருஷத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போது, சொல்லாமல் செய்த மாற்றம் குறுக்கே வந்து நிற்கும்.

சிலர் ஒரு தந்திரம் செய்கிறார்கள். சர்வீஸுக்குப் போகும் நாளில் மட்டும் பழைய டயரை மாட்டிக்கொண்டு போவது! மிளகைப் பயறு என்று சொன்ன கதைதான். தேய்ந்த கிளட்சும், உரசிய மட்காப்பும் சாட்சி சொல்லும். அங்கே இரங்குவதற்குப் பயறணீசுவரர் இல்லை. சர்வீஸ் மேனேஜர்தான் இருப்பார்.

அப்படியானால் பெரிய டயர் ஆசையே கூடாதா? கூடும். முறையோடு கூடும்.

வாங்கும்போதே கேட்பது முதல் வழி. ஒரே மாடலில் வெவ்வேறு டயர் அளவுகளோடு ரகங்கள் வருவது உண்டு. கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டிலும், வண்டியோடு வந்த கையேட்டிலும் கம்பெனி அனுமதிக்கும் அளவுகள் இருக்கும். பெரிய அளவு அதில் இருந்தால் தைரியமாக மாட்டலாம்.

கையேட்டில் இல்லை என்றால், கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது ஸார்" என்ற வாய் வார்த்தை காற்றோடு போகும். சீல் போட்ட காகிதம் பெட்டியில் இருக்கும். அவர்கள் எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

மாற்றுகிற டயரின் பாரம் தாங்கும் எண், பழையதை விடக் குறையக் கூடாது. 100 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 106 என்றால் 950. 112 என்றால் 1,120. பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும்.

இன்னொரு வழி, எல்லாவற்றையும் விடச் சுலபமானது. அளவை மாற்றாமல், ஆழமான பள்ளமும் முரட்டுப் பூவும் உள்ள டயரைத் தேர்ந்தெடுப்பது. செம்மண் சேற்றில் வண்டிக்குப் பிடிப்புக் கொடுப்பது பெரும்பாலும் பூதான், உயரம் அல்ல. அடி தட்டுகிறது என்றால் டயரைச் சந்தேகிப்பதற்கு முன் பாரத்தையும் காற்றையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். பிள்ளை கதவைத் திறந்து தூணில் இருந்த சீட்டைப் படித்தான். ஒரே ஓர் அளவுதான் போட்டிருந்தது; மாட்டியிருக்கும் அதே அளவு. அவன் முகம் சற்று வாடியது.

அந்த அம்மாள் மட்டும் சிரித்தார். "தறியில அச்சுக்குத் தக்கபடிதான் பாவு ஓட்டணும். அதிகமா இழைய நுழைச்சா அச்சும் போகும், பட்டும் போகும். வண்டிக்கும் அச்சுன்னுதானே பேரு?" என்றார்.

கடைக்காரர் குமிழியை விட்டு நிமிர்ந்து பார்த்தார். "அதே அளவுல நல்ல முரட்டுப் பூவா வரவழைச்சுத் தரேன், அக்கா. இந்த டயரு தேயட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். ஒரு வியாபாரம் தள்ளிப் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிள்ளை வண்டியைக் கிளப்பினான். சவாரி ஒன்று ஆண்டிமடம் பக்கம் காத்திருந்ததாம். சங்கிலி வட்டிக்கு அந்த வாரமே பணம் கட்ட வேண்டுமல்லவா?