டேப் விசை சொல்லும் சாட்சி

செஞ்சிக் கோட்டைப் படங்களைத் தொகுத்துப் பாதுகாப்பது என் வேலை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். கோப்புகள் பெருகப் பெருக, டெர்மினலில் நான் அதிகம் நம்புவது டேப் விசையைத்தான்.

தட்டச்சை மிச்சம் பிடிக்கும் வழியாகவே பலரும் அதைப் பார்க்கிறார்கள். எனக்கு அது சரிபார்ப்பு. பெயரின் முதல் எழுத்துகளை அடித்து டேப் தட்டியதும் ஷெல் மீதியை நிரப்பினால், அந்தக் கோப்பு அங்கே இருக்கிறது. நிரப்பாவிட்டால் பெயரோ இடமோ தவறாக இருக்கலாம். அழிக்கும் கட்டளை கொடுக்கும்போது இந்த உறுதி மிகப் பெரிது.

பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989இல் வெளிவந்த பாஷ் ஷெல்லில், இந்த வேலையைச் செய்வது ரீட்லைன் நூலகம். அதன் அமைப்புகளை நம் வீட்டுக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் 'இன்புட்ஆர்சி' கோப்பில் எழுதலாம்.

செஞ்சியின் மலைக்கோட்டைகளான ராஜகிரி, ராணிக்கோட்டை பெயர்களில் என்னிடம் இரு கோப்புறைகள் உண்டு. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத்தான் ராணிக்கோட்டை என்றும் சொல்கிறோம். 'ரா' என்று அடித்து டேப் தட்டினால், இயல்பமைப்பில் மணி மட்டும் ஒலிக்கும். இன்னொரு முறை தட்டினால்தான் இரண்டு பெயர்களும் தெரியும். 'செட் ஷோ-ஆல்-இஃப்-அம்பிகுவஸ் ஆன்' என்ற வரியைச் சேர்த்தால் முதல் தட்டிலேயே இரண்டும் தெரியும். 'ஜ' சேர்த்துத் தட்டினால் ராஜகிரி வந்துவிடும்.

கேமரா தரும் ஆங்கிலப் பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கும். 'கம்ப்ளீஷன்-இக்னோர்-கேஸ்' அமைப்பை இயக்கினால், டேப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. 'மெனு-கம்ப்ளீட்' முறையை டேப் விசைக்குத் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. பல பெயர்கள் பொருந்தும்போது, நாம் தேர்ந்தெடுக்காத ஒரு பெயரை அது வரியில் வைத்துவிடும். பட்டியலைப் பார்த்து முடிவெடுப்பதே பாதுகாப்பு.

தமிழ்ப் பெயர்களில் ஒரு நுட்பம் உண்டு. 'கொத்தளம்' என்பதன் 'கொ', யூனிகோடில் ககரத்தோடு ஒரே உயிர்க்குறியாகவும் இருக்கலாம். கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். லினக்ஸில் ஷெல் ஒப்பிடுவது உள்ளே இருக்கும் குறியீட்டை. கோப்பு ஒரு வடிவிலும் நம் விசைப்பலகை மற்றொரு வடிவிலும் இருந்தால், கண்ணெதிரே இருக்கும் பெயரைக்கூட டேப் நிரப்பாது. இதற்கு இன்புட்ஆர்சியில் மருந்தில்லை. 'கன்வ்எம்வி' கருவியைக் கொண்டு பெயர்கள் அனைத்தையும், ஒரே உயிர்க்குறியாக வைக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்ற வேண்டும். ஷெல்லை அமைப்பதில் பாதி வேலை, பெயர்களை ஒழுங்காக வைப்பதுதான்.

லினக்ஸ் பழகும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிறருடைய இன்புட்ஆர்சியை அப்படியே நகலெடுக்காதீர்கள். ஒரு வரி எழுதுங்கள். கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஆர் அடித்தால் அமைப்பு உடனே புதுப்பிக்கப்படும். சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். பெயரை டேப் நிரப்பித் தராத எந்தக் கோப்பையும் அழிக்காதீர்கள்.