ஒரே பெயரில் இருவர்

பாகான் டாலாமில், இரயில்வே தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்து, ஓய்வுக் காலத்தைக் கணினியோடு கழிக்கும் அன்பர் ஒருவர் உண்டு. மரண சகாயச் சங்கம் ஒன்றின் கணக்கேட்டைப் பேணுவது அவர் பொறுப்பு. ஏடு என்பது பழக்கத்தால் வந்த சொல். அஃது இன்று வழங்கிக் கணினியில் உறையும் ஒரு கோப்பு. எழுத்தர் இருவர் தத்தம் கணினியில் அமர்ந்து அந்த ஒரே கோப்பில் சந்தாவைப் பதிவர். ஒருவர் எழுதுங்கால் மற்றவர் எழுதாதிருக்க, எழுதுபவரின் கணினி வழங்கியிடம் ஒரு பூட்டைக் கேட்டுப் பெறும்.

தந்தையார் காலத்து ஒற்றைத் தண்டவாளப் பாதையிலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. டோக்கன் கையில் இருந்தாலன்றி ஓட்டுநர் வண்டியை அடுத்த நிலையத்துக்குச் செலுத்தார். ஆனால் டோக்கன் கையில் பிடிக்கும் பொருள். இருக்கிறதா, இல்லையா என்பதில் ஐயமில்லை. கோப்பின் பூட்டோ வழங்கியின் நினைவில் உள்ள வெறுங்குறிப்பு. குறிப்பு அழிந்த பின்னும், பூட்டு தன்னிடமே உள்ளதெனக் கணினி நம்பிக்கொண்டிருக்கக் கூடும்.

1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறையில், வழங்கி எவரையும் நினைவில் வைப்பதில்லை. அம்மறதியே அதன் வலிமை; விழுந்து எழுந்தாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயின் பூட்டுக்கு நினைவு வேண்டுமே! அதற்கெனத் தனித் துணைச்சேவை வைக்க நேர்ந்தது. நான்காம் பதிப்பில் பூட்டும் முறைக்குள்ளேயே வந்து, குத்தகை போலாயிற்று. லினக்ஸ் வழங்கியில் அக்குத்தகை வழக்கமாக 90 விநாடி. புதுப்பிக்கத் தவறியவரின் பூட்டை வழங்கி பிறர்க்குக் கொடுத்துவிடலாம்.

சங்கத்தில் இரண்டாம் கணினி வந்த நாள்முதல் தொல்லை தொடங்கியது. எழுதும் நிரல் இடையிலே பிழை காட்டி நின்றது. எழுத்தர்கள் முணுமுணுத்தனர். லினக்ஸில் ஓர் அமைப்பு உண்டு. அதனை இயக்கினால், இழந்த பூட்டைக் கணினி ஓசையின்றி மீண்டும் எடுத்துக்கொள்ளும். 2013இல் வந்த 3.12 பதிப்பு முதல் அதனை அணைத்தே வைத்துள்ளனர். ஏனென்று ஆராயாமல் அன்பர் அதனை இயக்கினார். பிழைச்செய்தி மறைந்தது, எல்லாரும் மகிழ்ந்தனர்.

இரு வாரங்கழித்துக் கைம்பெண் ஒருவர் ரசீதோடு வந்தார். அவர் கட்டிய 20 வெள்ளி ஏட்டில் இல்லை. சந்தா நின்றால் உதவித்தொகையும் நிற்கும் என்பது சங்கத்தின் விதி. "ஐயா, நான் பொய் சொல்வேனா?" என்று அவர் கேட்டபோது அன்பரால் தலைநிமிர இயலவில்லை.

அன்றிரவு கணினிகளின் பதிவேடுகளை நேரவாரியாக ஒப்பிட்டார். முதல் எழுத்தர் பக்கத்தைத் திறந்து, பூட்டிவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றிருக்கிறார். அதற்குள் பூட்டு பறிபோய், இரண்டாமவர் அம்மையாரின் பணத்தைப் பதிந்து பூட்டை விடுவித்திருக்கிறார். திரும்பி வந்தவரின் கணினி பூட்டை ஓசையின்றி மீட்டு, தன்னிடமிருந்த பழைய பக்கத்தை அதன்மேல் எழுதிவிட்டது.

பூட்டு பறிபோனது ஏன்? வலையமைப்பில் குறையில்லை. செலவைச் சுருக்க, முதற் கணினியின் வட்டை அப்படியே படியெடுத்து அன்பர் இரண்டாவதை அமைத்திருந்தார். பெயரும் அதே பெயராயிற்று. நான்காம் பதிப்பில் கணினி தன்னை வழங்கிக்கு அறிமுகம் செய்வது பெரும்பாலும் அப்பெயராலேதான். அதே பெயரில் மற்றொன்று வந்து நின்றதும், பழைய கணினியே அணைந்து மீண்டும் எழுந்ததென வழங்கி கருதி, அதன் பூட்டுகளைத் துடைத்துவிட்டது. ஒரே வகுப்பில் ஒரே தலைப்பெழுத்தோடு இரண்டு முருகன்கள் இருந்தால் ஆசிரியர் படும் பாட்டை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

மறுநாள் இரண்டாம் கணினிக்கு வேறு பெயர் சூட்டினார். தாம் இயக்கிய அமைப்பையும் அணைத்தார். எழுத்தர் ஒருவர், "மறுபடியும் அந்தப் பிழை வருமே ஐயா?" என்றார். "வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி, அம்மையாரின் ரசீதைப் பார்த்து 20 வெள்ளியைத் தம் கையாலேயே பதிந்தார்.